ஜூலியின் மகளுக்குத் தலைப்பிரசவம்

விற்கிறவர்கள் பேசவே கூடாது. பொருளைக் காட்ட வேண்டும், காசை வாங்க வேண்டும், கதவைச் சாத்த வேண்டும். அதற்கு மேல் அன்பாக ஒரு வார்த்தை விட்டுவிட்டால், அந்த வார்த்தை ஒரு நாள் டெம்போ பிடித்துக்கொண்டு வாசலில் வந்து இறங்கும். எனக்கு இறங்கியது. அதுவும் ஞாயிற்றுக்கிழமை காலையில், தலையில் எண்ணெய் வழிய நான் நின்றிருந்த நேரத்தில்.

தொண்ணூறுகளின் நடுவில், திருவண்ணாமலையை ஒட்டிய வேங்கிக்காலில் புதுவீடுகள் முளைத்துக்கொண்டிருந்தன. முளைத்த ஒவ்வொரு வீட்டுக்கும் ஓர் இரும்பு கேட், கேட்டில் 'நாய் ஜாக்கிரதை' பலகை, பலகைக்குப் பின்னால் முழங்கால் உயரம்கூட இல்லாத ஒரு வெள்ளைப் பொமரேனியன். நான் அங்கேயே ஓர் அலுவலகத்தில் டைப்பிஸ்ட். என் கணவர் பாஸ்கர் இன்னோர் அலுவலகத்தில் எழுத்தர். இரண்டு சம்பளமும் சேர்ந்து மாதக் கடைசியைப் பார்த்ததே இல்லை. அந்த நிலையில்தான் எங்கள் பொமரேனியன் ஜூலி முதல்முறை குட்டி போட்டது. (அப்போதெல்லாம் நான் 'அது' என்றுதான் சொல்வேன். 'அவள்' என்று சொல்லவைத்தவர் இனிமேல்தான் வரப்போகிறார்.)

முதல் ஈத்துக் குட்டிகளை விற்றதில் கலர் டிவி வந்தது. அடுத்த ஈத்தில் ஃப்ரிட்ஜ். மூன்றாவதற்கு ஸ்கூட்டர் என்று முடிவு செய்து, குட்டிகள் வயிற்றில் இருக்கும்போதே ஆட்களிடம் முன்பணம் வாங்கிவிட்டோம். ஓர் ஈத்துக்கும் அடுத்ததற்கும் நடுவில் ஜூலிக்கு மூச்சுவிட நேரம் கொடுக்கவில்லை. அதற்கு முடி கொட்டியது, முதுகெலும்பு தெரிந்தது. கேட்டவர்களிடம் "வெயிலுங்க" என்றேன். திருவண்ணாமலையில் எதற்கு வேண்டுமானாலும் வெயிலின் மேல் பழியைப் போடலாம், யாரும் மறுக்கமாட்டார்கள்.

வியாபாரத்தின் மூளை நான். விளம்பரம் என் கணவர். செங்கம் ரோட்டில், வெளிநாட்டுக்காரர்களுக்கு அறை வாடகைக்கு விடுகிற ஒருவரிடம் டைகர் என்று ஓர் ஆண் பொமரேனியன் இருந்தது. ஊரில் பாதி வெள்ளைக் குட்டிகளுக்கு அதுதான் அப்பா. என் கணவர் டைகரையும் ஜூலியையும் ஸ்டூடியோவுக்கு ஆட்டோவில் அழைத்துப் போய், பின்னால் நீல மலைத் திரையோடு, கல்யாண ஜோடி மாதிரி படம் எடுத்து, கண்ணாடி போட்டு டிவிக்கு மேலே மாட்டினார். குட்டி வாங்க வருகிறவர்களிடம் அதைக் காட்டி, "அப்பா அம்மா ரெண்டு பேருமே அசல்" என்பார். எங்கள் சொந்தக் கல்யாணப் படம் பீரோவுக்குள் கிடந்தது.

ஒரே தொல்லை பெண் குட்டிகள். ஆண் குட்டிகள் கண் திறப்பதற்குள் பேசி முடிந்துவிடும். பெண் குட்டியை வருகிறவர்கள் தூக்கிப் பார்த்துவிட்டு, "பொட்டையா? வேணாங்க" என்று தரையில் விட்டுவிட்டுக் கையைத் துடைத்துக்கொள்வார்கள். முதல் ஈத்தில் அப்படி ஒன்று மிஞ்சியது. அந்தச் சமயத்தில்தான் பக்கத்து வீட்டுக் காதுகுத்துக்குக் கீழ்பென்னாத்தூரிலிருந்து பச்சையம்மாள் வந்தார். மல்லாட்டை விவசாயம் (வேர்க்கடலைக்கு எங்கள் பக்கத்துப் பெயர்), கனத்த உடம்பு, அதைவிடக் கனத்த குரல். குட்டியைப் பார்த்ததும் மடியில் வைத்துக்கொண்டார். விட்டால் போய்விடுவாரே என்ற பதற்றத்தில் நான் வாயைத் திறந்தேன்.

"நாயின்னே நெனைக்காதீங்கம்மா. எங்க வீட்டுப் பொண்ணையே உங்க வீட்டுக்குக் கட்டிக் குடுக்கற மாதிரி குடுக்கறோம். நாளைக்கு அதுக்கு ஒண்ணுன்னா தாய்வீடு இங்க இருக்கு."

என்ன ஒரு வசனம்! சொல்லி முடித்ததும் எனக்கே கண் கலங்கியது. பச்சையம்மாள் மறுபேச்சில்லாமல் முந்தானை முடிச்சை அவிழ்த்தார். அவர் போனதும் நானும் இவரும் அன்று இரவு பரோட்டா வாங்கிச் சாப்பிட்டோம்.

ஒரு வருஷத்துக்கு மேல் கழித்து அந்த ஞாயிறு. வாசலில் மல்லாட்டை மூட்டை ஏற்றுகிற டெம்போ. முன்சீட்டில் பச்சையம்மாள். அவர் மடியில், கழுத்தில் மஞ்சள் கயிறும் கால்களில் கண்ணாடி வளையலுமாக, வயிறு புடைத்த ஒரு வெள்ளை நாய். பின்னால் அவருடைய கணவர், வாழைப்பழத் தாரோடு, வந்த இடத்தில் என்ன சொல்வதென்று தெரியாத முகத்தோடு.

"சம்மந்தியம்மா, நல்லா இருக்கீங்களா?" என்று பச்சையம்மாள் இறங்கினார். "லட்சுமிக்கு மாசம் ஆயிடுச்சு. வளைகாப்பு போட்டு இட்டாந்துட்டோம். தலைப்பிரசவம் தாய்வீட்லதான?"

நான் சிரித்தேன். வேடிக்கை செய்கிறார் என்று நினைத்தேன். டெம்போவிலிருந்து நாயின் கோணிப்படுக்கை, அலுமினியத் தட்டு, கருவாட்டுப் பொட்டலம் எல்லாம் இறங்க ஆரம்பித்த பிறகுதான் சிரிப்பு நின்றது.

"இல்லங்கம்மா, அது வந்து... நாய்க்கெல்லாம் போயி..."

"நாயின்னே நெனைக்காதீங்கன்னு நீங்கதான சொன்னீங்க?"

நான் விலகி வழி விட்டேன்.

உள்ளே வந்தவர் நாற்காலியில் உட்காரவில்லை. முதலில் லட்சுமியைப் பெற்றவளைப் பார்க்க வேண்டும் என்றார். ஜூலி ஃப்ரிட்ஜின் ஓரம், தான் வாங்கிக் கொடுத்த அந்த ஃப்ரிட்ஜின் ஓரம்தான், தரையில் வயிறு பரத்திப் படுத்திருந்தது. பச்சையம்மாள் குனிந்து பார்த்தார். நிமிர்ந்து என்னைப் பார்த்தார். மறுபடியும் குனிந்து பார்த்தார்.

"இன்னாங்க இது? இவளும் மாசமா?"

"ஆமாங்க."

"மக வளகாப்பு போட்டுக்கினு வந்து நிக்கறா, ஆத்தாக்காரி வயித்தத் தள்ளிக்கினு படுத்திருக்காளே! வெக்கமா இல்ல? ஊரு இன்னா பேசும்?"

ஊர் பேச இதில் என்ன இருக்கிறது என்று கேட்டிருக்கலாம். ஆனால் அந்தக் குரலில் என்ன இருந்ததோ, எனக்கு முகமெல்லாம் சூடாகிவிட்டது. என் மாமியாரே மாசமாக வந்து நின்றது போலத் தலைகுனிந்து நின்றேன். இவர் சமாளிப்பதாக நினைத்துக்கொண்டு, "உக்காருங்கம்மா, டிவி பாக்கறீங்களா?" என்றார். அந்த மனிதருக்கு வாழ்க்கையில் தோன்றிய யோசனைகளில் இதைவிட மோசமானது கிடையாது.

பச்சையம்மாள் டிவியைப் பார்த்தார். டிவிக்கு மேலே பார்த்தார்.

"இது நம்ம மாப்ள இல்ல?"

"எந்த மாப்ள?" என்றேன்.

"லட்சுமி வூட்டுக்காரன்! செங்கம் ரோட்ல. பக்கத்து வூட்டுக்காரங்க மூலமா கேட்டனுப்பி, அய்யாதான அட்ரஸ் சொல்லி விட்டாரு? மாப்ள இங்க இன்னா பண்றான், இவகூட சோடி போட்டுக்கினு?"

நான் இவரைப் பார்த்தேன். இவர் மின்விசிறியைப் பார்த்தார். டைகரின் சொந்தக்காரர் ஆள் பிடித்துக் கொடுத்தால் கையில் ஏதாவது கொடுப்பார். அந்த ஆசையில், யாருக்கு, எந்த நாய்க்கு என்றுகூட யோசிக்காமல் இவர் முகவரி சொல்லி அனுப்பியிருக்கிறார். எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் தடுத்திருப்பேனா? (தெரியவில்லை. ஸ்கூட்டருக்கு அப்போது இன்னும் கொஞ்சம் கம்மியாக இருந்தது.)

பச்சையம்மாள் கணக்குப் போட்டு முடித்தார். போட்டு முடித்தது அவர் முகத்தில் தெரிந்தது.

"இவன்தான் லட்சுமிக்கு அப்பனா?"

நான் நெற்றியில் வழிந்த எண்ணெயைத் துடைத்தேன்.

"இப்ப ஜூலிக்கும் இவன்தானா?"

வெளியே டெம்போ டிரைவர் எட்டிப் பார்த்து, "போலாமாக்கா?" என்றான். "நீ போ. நான் வரல" என்றார் பச்சையம்மாள். டைகர் படத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பி மாட்டினார். "முறையில்லாத வூடு. இங்க எம் மருமவள நம்பி வுட்டுட்டுப் போவ முடியாது. பிரசவம் நானே பாக்கறேன்." வாழைத்தாரோடு அவருடைய கணவர் மட்டும் என்னை ஒரு பரிதாபப் பார்வை பார்த்துவிட்டு ஊருக்குத் திரும்பினார். பழத்தைத் திரும்ப எடுத்துக்கொண்டே போய்விட்டார்.

அதன் பிறகு அந்த வீடு என் வீடு இல்லை. சைவச் சமையல் மட்டுமே தெரிந்த என் அடுப்பில் கருவாட்டுத் தலை வெந்தது. நாங்கள் ரசம் சாதம் சாப்பிட்டோம், நாய்கள் இரண்டும் விருந்து சாப்பிட்டன. ஜூலியின் தட்டில் இரண்டாவது முறை சோறு விழுந்ததை அப்போதுதான் முதல்முறையாகப் பார்த்தேன். அலுவலகத்திலிருந்து வந்ததும் எனக்கு விசாரணை. "அவளுக்கு மத்தியானம் தண்ணி வெச்சிட்டுப் போனியா?" 'நீங்க' எப்போது 'நீ' ஆனது என்று தெரியவில்லை. எரிச்சலில் இவரோடு சண்டை போட்டேன். இவர் என்னோடு போட்டார். பச்சையம்மாள் எங்கள் இருவரோடும் போட்டார்.

லட்சுமிக்கு வலி கண்டது. ஒவ்வொன்றாகக் குட்டிகள் வந்தன. ஒன்றுகூடத் தங்கவில்லை. சிலவற்றுக்கு உருவமே சரியாக இல்லை. கால்நடை ஆஸ்பத்திரி டாக்டர் பார்த்துவிட்டு, "நெருங்கின ரத்தம். யாரு சேத்துவெச்சது?" என்றார். இவர் அந்தக் கேள்விக்கும் மின்விசிறியைத் தேடினார். அங்கே மின்விசிறி இல்லை. லட்சுமி அந்தக் கோணியை முகர்ந்து முகர்ந்து சுற்றிவந்தாள். எனக்குத் தாங்கவில்லை. சமையலறைக்குப் போய்க் கழுவிய பாத்திரத்தையே மறுபடி கழுவினேன்.

அடுத்த சில நாளில் ஜூலி குட்டி போட்டாள். எல்லாம் உயிரோடு, எல்லாம் வெள்ளையாக, எல்லாம் முன்பணம் வாங்கியவை. இரண்டாம் நாளே ஜூலிக்கு உடம்பு வெட்டி வெட்டி இழுத்தது. கண் சொருகியது. ஆட்டோவில் நான் மடியில் வைத்துக்கொண்டு போனபோது அந்த உடம்பில் எடையே இல்லை. டாக்டர் ஊசியைப் போட்டுக்கொண்டே கேட்டார்: "எத்தனாவது ஈத்து? போன ஈத்து எப்ப?"

சொன்னேன்.

"இவ்ளோ சீக்கிரத்துலயா? சுண்ணாம்புச்சத்து மொத்தமும் பாலாவே போயிடுச்சும்மா. இன்னொரு ஈத்து தாங்காது, செத்துப்போயிடும். குட்டிங்களப் பிரிச்சிடுங்க."

பிழைத்துக்கொண்டாள். ஆனால் வீட்டில் கண் திறக்காத குட்டிகள் பசியில் கத்திக்கொண்டிருந்தன. நான் பால் புட்டியைத் தேடிக்கொண்டிருந்தபோது கத்தல் சட்டென்று நின்றது. போய்ப் பார்த்தால், லட்சுமி அந்தக் கூடைக்குள் ஏறிப் படுத்திருந்தாள். தாயின் குட்டிகள், அவளுடைய தம்பி தங்கைகள், வரிசையாக அவள் மடியில் பால் குடித்துக்கொண்டிருந்தன. பச்சையம்மாள் பக்கத்தில் உட்கார்ந்து மூக்கைச் சிந்தினார். நானும் சிந்தினேன். கதவருகே இவர் ஸ்கூட்டர் கம்பெனி விளம்பரத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு நின்றிருந்தார். அதாலேயே மூக்கைத் துடைத்துக்கொண்டார்.

அழுகை முடிந்ததும் சட்டம் வந்தது. "எம் மருமவ பால் குடுத்த புள்ளைங்க. கண்டவனுக்கும் குடுக்க முடியாது." முன்பணம் கொடுத்தவர்கள் வர ஆரம்பித்தார்கள். பச்சையம்மாள் வாசற்படியை அடைத்து உட்கார்ந்துகொண்டு ஒவ்வொருவரையும் விசாரித்தார். பகலெல்லாம் சங்கிலியில் கட்டிவைப்பீர்களா? வீட்டில் யார் சோறு போடுவார்கள்? வெளியூர் போனால் எங்கே விடுவீர்கள்? என் பிரிவு அதிகாரி, ஆண் குட்டிதான் வேண்டும் என்று ஒரு வார்த்தை சொன்னார். "உங்க எடம் எங்களுக்கு சரிப்படாதுங்க" என்று பச்சையம்மாள் கைகூப்பி அனுப்பிவிட்டார். மறுநாள் அலுவலகத்தில் அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. நான் டைப் அடித்த எதையும் அவர் ஒரே தடவையில் ஏற்கவும் இல்லை. வாங்கிய முன்பணம் எல்லாவற்றையும் திருப்பிக் கொடுத்தோம். ஸ்கூட்டர் வரவேயில்லை.

ஒருவழியாக டெம்போ மறுபடி வந்தது. லட்சுமி ஏறினாள், குட்டிகள் ஏறின. பச்சையம்மாள் திரும்பி வந்து ஜூலியையும் தூக்கிக்கொண்டார்.

"இவ எதுக்குங்க?"

"உடம்பு தேற வேணாமா? மக வூட்ல கொஞ்ச நாளு இருக்கட்டும். அப்பறமா வந்து இட்டுக்கினு போங்க."

நான் தடுக்கவில்லை. தலைவலி விட்டது என்றுதான் அப்போது தோன்றியது. அதே சாயங்காலம் வழக்கம்போல ஜூலியின் தட்டை எடுத்துக்கொண்டு ஃப்ரிட்ஜின் ஓரத்துக்குப் போய் நின்றேன். அடுத்த மாதமே பஸ் பிடித்துக் கீழ்பென்னாத்தூர் போனோம். மல்லாட்டை காயவைத்த களத்தில் ஜூலி எங்களைப் பார்த்து ஓடிவந்தாள். முடி அடர்ந்து பூத்திருந்தது. என் கையை நக்கினாள், இவர் காலைச் சுற்றினாள், வந்த விருந்தாளிகளுக்கு ஒரு குறையும் வைக்கவில்லை. கிளம்பும் நேரம் நான் "வாடி போலாம்" என்றேன். வாலை ஆட்டிக்கொண்டே பின்னால் நகர்ந்து, கயிற்றுக் கட்டிலுக்கு அடியில் போய், முதுகைக் காட்டிப் படுத்துக்கொண்டாள். அவ்வளவுதான். இழுத்தால் வந்திருப்பாள். எங்களுக்கு இழுக்க முகமில்லை.

அந்த டிவி எப்போதோ போய்விட்டது. டைகர் படமும் இல்லை. ஒவ்வொரு அறுவடைக்கும் ஒரு மூட்டை மல்லாட்டை மட்டும் "சம்மந்தி வூட்டுக்கு" என்று தவறாமல் வந்தது. அதற்கெல்லாம் பிறகு பிறந்த என் மகள் நித்யா தலைப்பிரசவத்துக்கு வந்திருந்தபோது, "லட்சுமிக்கு செஞ்சதுல பாதியாவது எனக்கு செய்யும்மா, கருவாடு மட்டும் வேணாம்" என்று ஊரைக் கூட்டிச் சிரித்தாள்.

எனக்கும் அந்தக் கதையில் ஒரு லாபம் உண்டு. அந்த வியாபாரத்தில் கையில் நின்ற ஒரே லாபம் அதுதான். போன வாரம் விருந்தாளிகள், சமையல், பேத்தி, பாத்திரம் எல்லாம் சேர்ந்து இடுப்பை ஒடித்த ஒரு நாள், கரண்டியை மேடையில் வைத்துவிட்டு, "நான் கீழ்பென்னாத்தூருக்குப் போறேன்" என்றேன். சிரிப்பு ஒன்று கேட்டது. அடுத்த நிமிஷம் இவர் எழுந்து தன் தட்டைத் தானே கழுவினார், மருமகன் தண்ணீர் பிடித்தார், நித்யா என் கையிலிருந்து துடைப்பத்தை வாங்கிக்கொண்டாள். ஜூலி திரும்பி வரவில்லை என்பது எங்கள் வீட்டில் எல்லோருக்கும் ஞாபகம் இருக்கிறது.