ஒஹாயோவில் மழை

தொட்டிக்குள் ராஜாத்தி ஒரு மூலையில் தலையைச் சாய்த்துக்கொண்டு நின்றாள். தொட்டிக்கு வெளியே தாணுமாலையனும் தலையைச் சாய்த்துப் பார்த்தார். இருவருமே அசையவில்லை.

ராஜாத்தி, அவர் மனைவி பொன்னம்மை வளர்க்கும் தங்கமீன். பட்டு முந்தானை மாதிரி வால். மகளின் பிரசவத்துக்கு மஸ்கட் போனபோது விமான நிலைய வாசலில் பொன்னம்மை சொன்னாள்:

"நீங்க தின்னாலும் தின்னாட்டாலும் போட்டும். ராஜாத்திக்கு ஒண்ணும் ஆகப்பிடாது. வரும்போ அவ இல்லேன்னா, வந்த பிளேன்லயே திரும்பிப் போயிருவேன்."

சொன்னால் செய்வாள். அதுதான் பயம்.

திருவனந்தபுரம் சாலைக் கடைத்தெருவில் மீன்தொட்டிச் சாமான் விற்பவனிடம் போனார்.

"இதெல்லாம் எங்கேருந்துடே வருது?"

"எல்லாம் ஃபாரினாக்கும், அண்ணாச்சி."

அவ்வளவு போதுமாயிருந்தது. ஆரியசாலையில் ஆயுள் முழுக்க வற்றல் மிளகாய் மொத்த வியாபாரம் செய்தவர் அவர். சரக்கு விளைகிற இடத்திலேயே போய் வாங்க வேண்டும், இடையில் ஒருத்தனும் நிற்கக் கூடாது. மிளகாய்க்குக் குண்டூர் என்றால் மீனுக்கு அமெரிக்கா. மகள் விட்டுப்போன கம்ப்யூட்டரின் முன்னால் உட்கார்ந்தார். மருமகன் தன் கார்டு நம்பரை ஃபோனில் சொல்லிக் கொடுத்தான்.

ஒஹாயோ என்கிற சீமையில் ஒரு கடை. அதில் முதலில் கண்ணில் பட்டது, தண்ணீரைச் சூடாக்கும் கண்ணாடிக் குழல். 'வெப்பநாட்டு மீன்களுக்குத் தங்கள் நாட்டின் இதம்' என்று போட்டிருந்தது. தாணுமாலையனுக்கு மனசு உருகிவிட்டது. ராஜாத்திக்குக் குளிர்கிறது போலும்! அப்போது ஊரில் சித்திரை வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. அவரே மேல்சட்டை இல்லாமல்தான் இருந்தார்.

குழல் வந்தது. அதன் தட்டைப் பின் நம் சுவரில் நுழையவில்லை. பின்னை வெட்டி எறிந்துவிட்டு வேறு பின் மாட்டினார். அமெரிக்காவில் ஓடுவது நம்முடையதில் பாதி மின்சாரம் என்று அந்தக் குழலுக்குத் தெரியும், அவருக்குத் தெரியாது. ஸ்விட்சைப் போட்ட கொஞ்ச நேரத்தில் தொட்டியிலிருந்து காப்பிக்குத் தண்ணீர் வைத்தது போல ஆவி வந்தது. ராஜாத்தியை அள்ளி வெண்கல உருளியில் விடவும், 'படார்' என்று ஃபியூஸ் போகவும் சரியாக இருந்தது.

மாடியிலிருந்து அனுஷா இறங்கி வந்தாள். மாடியில் வாடகைக்கு இருக்கும் பெண். போனக்காட்டுத் தேயிலை எஸ்டேட்டில் அப்பாவும் அம்மாவும் கொழுந்து கிள்ளுகிறார்கள். இவளுக்குக் கழக்கூட்டத்தில் கம்ப்யூட்டர் கம்பெனியில் ஏதோ வேலை. பொழுது சாய்வதற்கு முன்னே வேன் வந்து கூட்டிப்போகும், விடிந்து கொண்டுவந்து விடும். கூகை மாதிரிப் பகலெல்லாம் உறக்கம்.

"அங்கிள், ஃபேன் நின்னுபோச்சு. இப்பதான் கண்ணசந்தேன், கேட்டோ."

"இங்க ஒரு உயிர் வெந்து சாகக் கெடந்துது. உனக்கு ஃபேனா பெரிசு?"

அவள் உருளியையும் குழலையும் மாறிமாறிப் பார்த்தாள். திரும்ப மாடி ஏறிப் போய்விட்டாள்.

அன்று விளக்கு வைக்கிற நேரத்தில் அவர் கடைக்காரர்களோடு சண்டை பிடிக்க உட்கார்ந்தார். கம்ப்யூட்டரின் ஓரத்தில் சின்னப் பெட்டி திறந்தது. 'வணக்கம், நான் ஜென்னி. உங்களுக்கு என்ன உதவி வேண்டும்?' எல்லாம் இங்கிலீஷ்தான். அவருக்கு வியாபார இங்கிலீஷ் வரும், ஒற்றை விரலில்.

ஆரியசாலை வழக்கம் ஒன்று உண்டு. வெளியூர் வியாபாரியிடம் சரக்குப் பேசுவதற்கு முன்னால், சண்டையானாலும் சரி, முதலில் கேட்க வேண்டியது ஒன்றுதான். அவரும் அதையே தட்டினார்.

'அங்கே மழை உண்டா?'

'இல்லை சார். தாங்க முடியாத சூடு.'

'இங்கேயும் அதேதான்!' என்று தட்டினார். கோபம் போன இடம் தெரியவில்லை.

தங்கமீன் குளிர்ந்த தண்ணீரில் வாழ்வது, அதற்குச் சூடே வேண்டாம் என்றாள் ஜென்னி. வேண்டியது காற்று. ஒரு பம்பு வாங்கலாம்; கூடவே மின்சாரத்தைக் குறைக்கிற பெட்டி ஒன்றை உங்கள் ஊரிலேயே வாங்கிக்கொள்ளுங்கள் என்றாள். எவ்வளவு தெளிவு! இப்படி ஒரு ஆள் குண்டூரில் இருந்திருந்தால் அவர் இந்நேரம் சாலைக் கடைத்தெருவில் பாதியை வாங்கியிருப்பார்.

பம்பும் வந்தது, மின்சாரப் பெட்டியும் வந்தது. குமிழிகள் முத்துமுத்தாய் மேலேறின. ஆனால் பெட்டி கோயில் யானை குறட்டை விடுவது போல் இரவும் பகலும் உறுமியது. சுவர் உறுமியது, கட்டில் உறுமியது. இரண்டாம் நாள் பகலில் மாடித்தரையில் துடைப்பக்கட்டையால் டொக், டொக் என்று இடி. ராஜாத்தி வெருண்டு கல்லுக்குப் பின்னால் போய் ஒளிந்தாள்.

'மாடியில் ஒரு ராட்சசி இருக்கிறாள்' என்று ஜென்னியிடம் முறையிட்டார்.

பெட்டியில் வெகுநேரம் எழுத்தே வரவில்லை. பிறகு, 'சார், மீனுக்கும் ஓய்வு வேண்டும். பகலில் பம்பை நிறுத்தி வையுங்கள்' என்று வந்தது.

நிறுத்தினார். இடியும் நின்றது. ஜென்னி சொன்னால் சரியாகத்தான் இருக்கும்.

வைகாசி பாதியில் தொடங்கும் இடவப்பாதி மழை பிடித்துக்கொண்டது. கடையில் பார்த்து ஒரு நிலா விளக்கும் வரவழைத்திருந்தார். தொட்டியின்மேல் வைத்தால் நீல வெளிச்சம் சுவரெல்லாம் அலையடிக்கும். அந்தியானால் அதை ஏற்றி வைத்துவிட்டு உட்காருவார். வெளியே ஓட்டில் மழை, உள்ளே குமிழிச் சத்தம். வீடே தண்ணீருக்குள் இறங்கிவிட்டது போலிருக்கும். அலமாரியும் பொன்னம்மையின் புடவைக்கொடியும் மெல்ல மிதக்கும். எங்கோ தூரத்தில், பனி விழும் சன்னலருகே, ஜென்னி என்கிற வெள்ளைக்காரி மேசையில் கையூன்றி உட்கார்ந்திருப்பாள்.

'அங்கே மழை உண்டா?'

'நல்ல மழை சார். வேனிலிருந்து இறங்குவதற்குள் நனைந்துவிட்டேன்.'

'இங்கேயும்தான்!'

உலகமே ஒரே மேகத்தின் கீழே இருப்பதாகத் தோன்றியது. அந்த எண்ணத்தோடே உறங்கிப் போவார்.

ஆனால் பகலில் பம்பு ஓடாததால் ராஜாத்திக்கு ஏக்கமாக இருக்குமோ என்று அவருக்குப் பட்டுவிட்டது. ஸ்டூலில் ஏறி நின்று, செம்பில் தண்ணீர் மொண்டு, உயரத்திலிருந்து அருவி போல ஊற்றினார். அருவிக்குத் துணையாகத் தேவாரமும் பாடினார். அவர் பாட்டுக்கு ஒரு காலத்தில் மிளகாய் மூட்டையில் இருந்த எலியெல்லாம் கடையைக் காலிசெய்தது என்று பொன்னம்மை சொல்வாள்.

டொக்! டொக்! டொக்!

ராஜாத்தி மறுபடி கல்லுக்குப் பின்னால் போனாள். இந்தத் தடவை வெளியே வரவேயில்லை. போட்ட தீனி மிதந்து நாறியது. வயிறு உப்பி, ஒருக்களித்துக் கிடந்தாள். மஸ்கட்டிலிருந்து ஃபோன்.

"சனிக்கிழமை வாறேன். ராஜாத்தி சுகம்தானே?"

"சுகமா... நல்லா உறங்குகா."

"மீன் எங்க உறங்கும்? என்னமாம் செஞ்சு வச்சிருக்கேளா?"

ஃபோனை வைத்ததும் நேரே மாடிப்படி ஏறினார். அனுஷா கண் சிவக்கக் கதவைத் திறந்தாள்.

"இன்னா பாரு பிள்ளே, வெள்ளிக்கிழமைக்குள்ள வீட்டைக் காலி பண்ணணும்."

"ஐயோ அங்கிள், இந்த மழையில நான் எவிட போக?"

"அது உன் பாடு. நீ இடிச்சு இடிச்சு என் குடும்பமே ரெண்டாகப் போகுது."

அன்று இரவு நடந்ததையெல்லாம் ஜென்னிக்கு ஒற்றை விரலில் எழுதினார். மீன் சாகக் கிடப்பதையும், பொன்னம்மை திரும்பிப் போய்விடுவாள் என்பதையும், ராட்சசியை விரட்டிவிட்டதையும். எழுதி முடித்தபோது மூக்குக்கண்ணாடி நனைந்திருந்தது.

பெட்டியில் மெதுவாக எழுத்துகள் வந்தன.

'சார், எங்கள் கடையில் இல்லாததை நான் சொல்லக் கூடாது. சொன்னால் வேலை போய்விடும். இருந்தாலும் சொல்கிறேன். மீனுக்கு வயிற்றுக்கட்டு. பச்சைப் பட்டாணியை வேகவைத்து, தோலுரித்து, நசுக்கிப் போடுங்கள்.'

வீட்டில் ஒரு பட்டாணி இல்லை. வெளியே தெரு தெரியாத மழை. நீல வெளிச்சத்தில் கல்லுக்குப் பின்னால் தெரிந்த வால் நுனியைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார்.

விடிந்ததும் வேன் வந்து நிற்கிற சத்தம் கேட்டது. மாடிப்படிக்குப் போக வேண்டிய செருப்புச் சத்தம் நேரே அவர் வாசலுக்கு வந்தது. அனுஷா சொட்டச்சொட்ட நின்றாள். கையில் சாப்பாட்டு டப்பா.

"காலி பண்ணச் சொன்னதுல மாத்தமில்ல, கேட்டியா" என்று முறைப்பாகத்தான் ஆரம்பித்தார். ஆனாலும் நனைந்தவளைப் பார்த்ததும் வாய் பழக்கத்தில் கேட்டுவிட்டது. "கழக்கூட்டத்துல மழை உண்டா?"

"நல்ல மழை, அங்கிள்."

அவள் உள்ளே வந்து தொட்டியின் முன்னால் முட்டிபோட்டாள். டப்பாவைத் திறந்து, பச்சையாய் எதையோ விரலால் நசுக்கித் தண்ணீரில் விட்டாள். கல்லுக்குப் பின்னாலிருந்து முதலில் வாய் வந்தது. அப்புறம் கண். அப்புறம் பட்டு முந்தானை முழுசும் வந்தது. ராஜாத்தி ஒரு வாய் கவ்வினாள், இன்னொன்றுக்குத் திறந்தாள்.

தாணுமாலையன் டப்பாவை எட்டிப் பார்த்தார்.

"பட்டாணியா? இது... இது உனக்கு யாரு பிள்ளே சொன்னது?"

அனுஷா ஈரக் கையைத் துப்பட்டாவில் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

"அங்கிள், ஜென்னிக்கு வேற வீடு கிடைக்கது வரைக்கும் ஒரு மாசம் டைம் தருவீங்களா?"