நடுவில் வைத்த பல்

அந்த வீட்டில் திரைச்சீலை முதல் தம் சட்டையின் நிறம் வரை அனைத்தையும் மனைவியே தேர்ந்தெடுத்தாள் என்பதில் அவருக்கு வருத்தமில்லை. ஆனால் தம் வாய்க்குள் எது நுழைய வேண்டும் என்பதைத் தாமே முடிவு செய்வதென்று, காலணிக் கடையின் மூத்த விற்பனையாளரான அவர், குளியலறைக் கண்ணாடியின் முன் நின்று சூளுரைத்தார். சூளுரையில் பாதி, மேல்வரிசையில் மூன்று முன்பற்கள் இருந்த இடத்தின் வழியே வெறுங்காற்றாக வெளியேறிற்று. மறுபாதி சமையலறை வரை சென்றது.

"அங்க யாரோட பேச்சு?"

"யாரோடயும் இல்லம்மா. வாய் கொப்பளிச்சேன்."

பற்கள் போனது கடையில்தான். புதுக் காலணிகளை இணை பிரியாமல் கட்டியிருக்கும் நைலான் நூலை அவர் ஒருநாளும் கத்தரிக்கோலால் வெட்டியவரல்லர். பல்லால் ஒரே கடி, நூல் துண்டாகும், வந்தவர் வியப்பார். வேண்டாம் என்று மனைவி சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டாள். கடைசியில் ஒரு மலையேற்றக் காலணியின் நூல் பழிதீர்த்துக்கொண்டது. நூல் அப்படியே இருந்தது. பற்கள் இரண்டு உடைந்தன. ஆட்டம் கண்ட மூன்றாவதைப் பல் மருத்துவர் எடுத்துவிட்டார். மறுவாரம் அவருடைய சிரிப்பைக் கண்டு ஒரு குழந்தை வீறிட்டது. "பல் வர்ற வரைக்கும் கிடங்கப் பாத்துக்கங்க" என்றார் முதலாளி. வாழ்நாளெல்லாம் கடை முகப்பில் நின்றவருக்குக் கிடங்கு என்பது நாடு கடத்தலுக்குச் சமம்.

முகப்பில் அவருக்கு 'நடுவர்' என்று பட்டப்பெயர். யார் வந்தாலும் மூன்று இணைகளை வரிசையாக வைப்பார். விற்க வேண்டியது நடுவில் இருக்கும். ஓரங்களில் இருப்பவற்றை வானளாவப் புகழ்வார். பிறகு நடுவில் இருப்பதைக் கையிலெடுத்து, ஒரு பெருமூச்சு விட்டு, "இது உங்களுக்கு வேண்டாங்க" என்பார். அவ்வளவுதான். வந்தவர் அதைப் பிடுங்காத குறையாக வாங்கிக்கொண்டு போவார். திருமணமான புதிதில் இந்த வித்தையை மனைவியிடம் சொல்லி அவர் மார்தட்டியதுண்டு. "அப்படியா!" என்று அவளும் கண்களை அகல விரித்துக் கேட்டுக்கொண்டாள்.

அந்த வித்தையைத்தான் இப்போது அவள்மீதே ஏவப்போகிறார்.

மனைவியோடு பல் மருத்துவமனைக்குள் நுழைந்ததுமே அவர் வாயைப் பிளந்தார். எப்படியும் பிளக்க வேண்டிய வாய்தானே! பல் மருத்துவர் ஒரு வெள்ளித் தட்டில் கண்ணாடி போன்ற மூன்று தாடை மாதிரிகளைக் கொண்டுவந்து வைத்தார்.

"இது வெள்ளைப் பீங்கான் வகை, சார். ஈறு வழியா உலோக நிறம் தெரியாது. அடுத்தது டைட்டானியம். எலும்புல ரெண்டு திருகு, அதுமேல பாலம் மாதிரி மூணு பல்லு, நிரந்தரமா. மூணாவது, மெல்லிசான சின்னத் திருகு. அதுல பல் செட்டு பிரஸ் பட்டன் மாதிரி மாட்டிக்கும். வேணுங்கறப்ப கழட்டலாம்."

"அந்தத் திருகு கழண்டு வராதா, டாக்டர்?"

"கொஞ்ச நாள்ல எலும்பு அதைச் சுத்தி வளந்து கெட்டியாப் பிடிச்சுக்கும், சார். உங்க உடம்பே அதை ஏத்துக்கும்."

அவருக்கு மெய்சிலிர்த்தது. எங்கோ உருகிய உலோகம். அதை யாரென்றும் கேட்காமல் தழுவிக்கொள்ளும் எலும்பு! ஆயினும் சிலிர்ப்பு வேறு, துணிவு வேறு. துளையிடும் கருவி நாற்காலியருகே தொங்கிக்கொண்டிருந்தது. கழற்றி மாட்டும் வகைக்குத்தான் துளை சிறிது. அன்றியும் அது செருப்பைப் போன்றது, விரும்பும்போது அணியலாம். அவர் மனம் அதிலேயே நிலைத்தது.

"கழட்டி மாட்டறதா!" என்றாள் மனைவி. "செருப்புக் கடைக்காரரு, ஊரான் செருப்ப மாட்டிக்கிட்டு வீட்டுக்கு வந்தவரு. நாளைக்கு எவன் பல்ல மாட்டிக்கிட்டு வருவீங்களோ!"

"நான் ஒண்ணும் சொல்லலையே!"

மருத்துவர் எலும்பின் படத்தைத் திரையில் போட எழுந்தார். மனைவி கைப்பையில் மூக்குக் கண்ணாடியைத் துழாவினாள். அந்த நொடியில் அவர் கழற்றி மாட்டும் மாதிரியை ஓசையின்றித் தட்டின் நடுவுக்கு நகர்த்தினார்.

திரையில் படம் தோன்றியது. நடுவர் எழுந்தே விட்டார். தம்முடைய தாடையை அவர் அதுவரை சோறு மெல்லும் கருவியாக மட்டுமே அறிந்திருந்தார். அங்கோ மலைத்தொடர்கள் இருந்தன, பள்ளத்தாக்குகள் இருந்தன, பற்கள் போன இடத்தில் ஆளரவமற்ற ஒரு சமவெளி இருந்தது. மருத்துவர் விரலசைக்க, அந்நிலம் முழுவதும் சுழன்று தன் மறுபுறத்தைக் காட்டியது.

"இதெல்லாம் நானா, டாக்டர்?"

"நீங்கதான் சார். நல்ல கெட்டியான எலும்பு. மூணு வகைல எதுவும் போடலாம்."

பெருமிதத்தோடு திரும்பி உட்கார்ந்த அவர், தம் வழக்கப்படி புகழுரையைத் தொடங்க வாயெடுத்தார். மனைவி முந்திக்கொண்டாள்.

"இந்த வெள்ளை என்ன அழகு, டாக்டர்! போட்டா ராஜா மாதிரி இருப்பாரு" என்று ஓரத்திலிருந்த பீங்கானைப் புகழ்ந்தாள். மறு ஓரத்துக்குத் தாவினாள். "இந்தக் கழட்டற செட்டு இருக்கே, தங்கம்! ராத்திரி நானே கழட்டி அலமாரில வெச்சுப் பூட்டிடுவேன். காலைல, இவரு பேசறது எனக்குப் பிடிச்சா எடுத்துக் குடுப்பேன்."

நடுவர் கையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

பிறகு அவள் நடுவில் இருந்ததை எடுத்தாள். டைட்டானியத் திருகும் பாலமும். ஒரு பெருமூச்சு விட்டாள்.

"இது மட்டும் இவருக்கு வேண்டாம், டாக்டர்."

"ஏன் வேண்டாம்?" என்றார் அவர்.

"இதுக்கெல்லாம் தைரியம் வேணுங்க. நீங்க ஊசியப் பாத்தாலே கண்ண மூடிக்குவீங்க."

"யாரு, நானா? என் எலும்பப் பாத்தியா? மலை! டாக்டர், அதையே போடுங்க!"

அந்தக் குரல் தம்முடையதுதானா என்று அவரே வியந்தார். மருத்துவர் நாள் குறித்தார். மனைவி மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

குறித்த நாளில், மரத்துப்போன உதடுகளோடு நாற்காலியில் சாய்ந்திருந்தபோதுதான் அவருக்குப் பொறி தட்டியது. தாம் நடுவில் வைத்த கழற்றி மாட்டும் மாதிரி ஓரத்துக்கு எப்படிப் போனது? அவர் பதறி எதையோ சொல்ல முயன்றார். வந்தது "ஊ" என்ற ஒலி மட்டுமே.

"வலி இல்லன்னு சொல்றாரு, டாக்டர்" என்று கதவருகிலிருந்து மொழிபெயர்த்தாள் மனைவி.

உண்மையாகவே வலிக்கவில்லை. எலும்பு தன் வேலையை ஆரவாரமின்றிச் செய்து, திருகுகளைத் தன்னவையாக்கிக்கொண்டது. பாலம் ஏறியது. கண்ணாடியில் சிரித்துப் பார்த்த நடுவர், நெடுநேரம் வாயை மூட மறந்தார். முதலாளி அவரைக் கிடங்கிலிருந்து முகப்புக்கு அழைத்தார். முன்பு வீறிட்ட அதே குழந்தை, அவருடைய சிரிப்புக்குப் பதில் சிரித்தது.

அன்று மாலை மனைவி கடைக்கு வந்தாள். கயிற்றில் கோத்த ஒரு சின்னக் கத்தரிக்கோலை அவர் கழுத்தில் மாட்டினாள்.

"இனிமே நூல இதால வெட்டுங்க."

"சரிம்மா. உண்மையச் சொல்லு. நான் எலும்பப் பாத்துட்டிருந்தப்ப தட்டுல மாத்தி வெச்சது நீதான?"

"ஆமா. கழட்டறத வாங்கிக் குடுத்திருந்தா, ஒரே வாரத்துல தொலைச்சுட்டு மறுபடி கிடங்குக்குப் போயிருப்பீங்க."

எத்தனையோ பேரை வீழ்த்திய வித்தை. அதில் இப்படி ஒரு கைத்தேர்ச்சியை அவர் கண்டதே இல்லை. வியப்பில் அவருக்குக் கண்கூடக் கலங்கிற்று.

"பலே! நான் கத்துக்குடுத்தத என்கிட்டயே காட்டிட்ட. குருவ மிஞ்சின சிஷ்யை!"

"நீங்க கத்துக்குடுத்தீங்களா? எனக்கு அது கல்யாணத்துக்கு முன்னாடியே தெரியுமே."

"அப்பவே எப்படித் தெரியும்?"

"எங்க அத்தை மூணு மாப்பிள்ளை போட்டோவ மேசைமேல வரிசையா வெச்சாங்க. ரெண்டு ஓரத்தையும் புகழோ புகழ்னு புகழ்ந்தாங்க. அப்புறம் உங்க போட்டோவ நடுவுலேருந்து எடுத்து, ஒரு பெருமூச்சு விட்டு, 'இது உனக்கு வேண்டாம்மா'ன்னாங்க."