கழிவறை வழக்கில் முதல் குற்றவாளியின் முறையீடு

பெருமதிப்புக்கும் அதைவிடப் பெரிய தொப்பைக்கும் உரிய மாமா அவர்களுக்கு, உங்கள் அக்காள் மகள் வணக்கத்துடன் எழுதுவது. இங்கே கழிவறையைத் தவிர அனைவரும் நலம். அங்கே கழிவறை உட்பட அனைவரும் நலமா?

மூக்கைப் பிடித்துக்கொண்டு மேலே படியுங்கள். ஒரு வாரமாக எங்கள் கழிவறையில் தண்ணீர் ஊற்றினால், உள்ளே போகாமல் மேலே வந்து எட்டிப் பார்க்கிறது. குழாயில்தான் அடைப்பு, சந்தேகம் தங்குதடையின்றி ஓடுகிறது, நேராக என் பக்கம். குளியலறையில் ரப்பர் பல்லி வைத்தது நான்தான், அப்பாவின் ஷேவிங் கிரீமில் பற்பசையைக் கலந்ததும் நான்தான், அதற்காக இதுவும் நான்தானா? "உள்ள என்னத்தடி போட்ட? உண்மையச் சொல்லு, அடிக்க மாட்டேன்" என்கிறாள் அம்மா, கையில் துடைப்பத்தோடு. ஒப்புக்கொள்ளும்வரை லீவுக்கு உங்கள் வீட்டுக்கு அனுப்ப மாட்டாளாம். பெட்டியில் நான் அடுக்கிய துணியெல்லாம் மறுபடி அலமாரிக்குப் போய்விட்டது.

ஆகவே நானே துப்புத் துலக்கக் கிளம்பினேன். முதல் சந்தேகம் அப்பா மேல். அம்மா கடைக்குப் போகும் நேரம் பார்த்து, சட்டைக்குள் எதையோ மறைத்துக்கொண்டு மனிதர் கழிவறைக்குள் போகிறார். கதவில் காதை வைத்தேன். "சாப்பிடுங்கடா கண்ணுங்களா, நல்லா சாப்பிடுங்க!" என்னைக்கூட அப்படிக் கொஞ்சியதில்லை, மாமா! வெளியே வந்ததும் மடக்கினேன். ஏதோ பவுடராம்; அதிலிருக்கும் பாக்டீரியா கழிவுத்தொட்டிக்குள் போய் எல்லாவற்றையும் தின்றுவிடுமாம், வீடியோவில் பார்த்தாராம். "இனிமே தொட்டிக்கு லாரியே கூப்பிட வேணாம். அம்மாகிட்ட மூச்சு விடாத."

அடுத்து அம்மா. தினமும் ஒரு வாளி நிறைய பிளீச்சிங் பவுடரைக் கரைத்து அதே ஓட்டையில் ஊற்றுகிறாள். ஏன் இவ்வளவு என்றேன். "உங்கப்பா போயிட்டு வந்தாலே ஒரு புளிச்ச வாடை வருதுடி. மனுஷன் உள்ள என்னமோ பண்றாரு." புரிகிறதா மாமா? அப்பா படை இறக்குகிறார், அம்மா கூண்டோடு காலி செய்கிறாள். கொலை அங்கே, சிறை எனக்கு!

இருவரையும் எதிரெதிரே நிறுத்திப் போட்டு உடைத்தேன்.

"கிருமிய கடையில போய் வாங்குனீங்களா?"

"அத்தனை பேரையும் கொன்னுட்டியேடி!"

அப்புறம் இருவரும் ஒரே நேரத்தில் என் பக்கம் திரும்பினார்கள். "அது கெடக்கட்டும். நீ என்ன போட்ட?"

ஆகவே நியாயத்தின் மொத்த உருவமே, நீங்கள் நேரில் வந்து நடுவராக அமர்ந்து தீர்ப்புச் சொல்ல வேண்டும். அம்மா கண்ணை மூடிக்கொண்டு நம்பும் ஒரே ஆள் நீங்கள்தான். அத்தைக்கு என் அன்பு, குட்டிப்பயலுக்கு ஒரு கிள்ளு.

இப்படிக்கு,
இந்த ஒரு முறை மட்டும் நிஜமாகவே நிரபராதி.

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகும்போது, அம்மா கூப்பிட்ட கழிவுத்தொட்டி லாரிக்காரர் வந்துவிட்டார். குழாய்க்குள் நீளக் கொக்கியை விட்டு இழுத்தார், இழுத்தார், வந்துகொண்டே இருந்தது. முகம் துடைக்கிற வெட் டிஷ்யூ, பின்னிப் பின்னிக் கயிறாகவே ஆகிவிட்டது. "இது கரையாதுங்க. யாரு போட்டது?" எங்கள் வீட்டில் யாரும் அதை வாங்குவதில்லை. போன மாதம் வந்து தங்கியபோது, வியர்க்கிறது என்று பாக்கெட் பாக்கெட்டாகத் தீர்த்தது தாங்கள்தான். அம்மாவிடம் சொன்னேன். "என் தம்பியா? சீ! பழிய அவன் மேல போட நீயே வாங்கிப் போட்டிருப்ப!" மாமா, நடுவர் பதவி ரத்து. உடனே அம்மாவுக்குப் போன் போட்டு ஒப்புக்கொள்ளுங்கள். இல்லையென்றால் அத்தையிடம் சொல்வேன். அத்தை நம்பிவிடுவார்.