மோட்டார் சைக்கிளை விட்டு இறங்குவது எப்படி

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்தொன்பதில், கிளப் விருந்தில் மனநிறைவோடு கலந்துகொண்டு திரும்பிய ஒரு துரை, தம் மோட்டார் சைக்கிளோடு வாய்க்காலில் விழுந்தார். ஆகவே, மலாயாவின் ஆயர் ஈத்தாம் வட்டார ரப்பர்த் தோட்டங்களில் வேலை பார்க்கும் தமிழர்கள் மோட்டார் சைக்கிள் ஓட்டுவது மிகவும் ஆபத்தானது என்பது ஐயத்துக்கு இடமின்றி நிரூபணமாயிற்று.

துரைமார்கள் கூடி மோட்டார் சைக்கிள் பத்திரக் கமிட்டி அமைத்தார்கள். கமிட்டி மூன்று தடவை கூடித் தேநீர் அருந்தியது. நாலாம் தடவை, கமிட்டியின் பரீட்சையில் தேறாத எந்த ஊழியரும் மோட்டார் சைக்கிள் ஓட்டலாகாது என்று தீர்மானம் நிறைவேறியது.

சுங்கை மெராக் தோட்டத்தில் இந்தத் தீர்மானம் இரண்டு பேரைத் தொட்டது. ஒருவர் ஆபீசில் கணக்கெழுதும் பெரிய கிராணி ஐயாசாமி. அவர் நாகரிகத்துக்காக வண்டி வாங்கியவர். தோல் தொப்பி, கறுப்புக் கண்ணாடி, முழங்கால்வரை பூட்ஸ் எல்லாம் அணிந்து, வீட்டிலிருந்து ஆபீசுக்கு அறுபது கஜம் ஓட்டிப் போவார். மற்றவர் தோட்டத்து ஆஸ்பத்திரியின் டிரெசர் செபஸ்தியன். ஊசி போடுவது, மருந்து கலப்பது, பிரசவம் பார்ப்பது எல்லாம் அவர்தான். சீமைக்குத் திரும்பிய பழைய சின்ன துரை விட்டுப்போன வண்டி ஒன்று அவரிடம் இருந்தது.

அவருக்கு வண்டி தேவைப்பட்டது. தோட்டத்தின் மூன்றாம் டிவிசன், ஆஸ்பத்திரியிலிருந்து ஏழு மைல் தள்ளி இருந்தது. போன வருஷம் அங்கே வீரமுத்துவின் மனைவி பேச்சியம்மாளுக்கு வலி கண்டபோது, செபஸ்தியன் சைக்கிளை மேட்டில் மிதித்துப் போய்ச் சேர்வதற்குள் பிள்ளை செத்துப் பிறந்திருந்தது. நேரமாகிவிட்டது என்று யாரும் அவரைக் குறை சொல்லவில்லை. அதுதான் அவரை அரித்துக்கொண்டிருந்தது. இப்போது பேச்சியம்மாளுக்கு மறுபடியும் ஏழு மாதம்.

பரீட்சைக்கு வண்டியோடு வரவேண்டும்; பரீட்சையில் தேறாமல் வண்டி ஓட்டக் கூடாது. இரண்டு விதியையும் மதித்து இருவரும் ஒன்பது மைல் வண்டியைத் தள்ளிக்கொண்டு போனார்கள்.

பரீட்சை வைக்கும் துரை சாலையோரத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் கமிட்டி கிராணி தங்கராஜு நோட்டுப் புத்தகத்தோடு நின்றார். அந்த முனையிலிருந்து இந்த முனைக்குத் துரையின் முன்னால் மூன்று தடவை ஓட்டிக் காட்ட வேண்டும். அவ்வளவுதான் பரீட்சை.

முதலில் ஐயாசாமி. கண்ணாடியை மாட்டினார், கிளப்பினார், கோடு போட்டதுபோல நேராக ஓட்டித் துரையைக் கடந்துபோனார். துரையின் முகம் சிவந்துவிட்டது.

"தங்கராஜு! இவன் என்னைப் பார்த்தானா?"

"பார்த்தாரு தொரை."

"பார்த்துமா இறங்கல?"

தோட்டத்து வழக்கம் எல்லோரும் அறிந்தது. சைக்கிளில் போகிறவன் துரையைக் கண்டால் இருபது கஜத்துக்கு முன்பே இறங்கி, தொப்பியையோ தலைத்துண்டையோ எடுத்துவிட்டு, வண்டியைத் தள்ளிக்கொண்டு கடந்து, மறுபடி இருபது கஜம் தாண்டித்தான் ஏற வேண்டும். மோட்டார் சைக்கிளுக்கு இது பொருந்தாது என்று எந்தத் துரையும் சொன்னதில்லை. தங்கராஜு அழகான கையெழுத்தில் பதிந்தார்: ஐயாசாமி, தேறவில்லை. காரணம், வாகனத்தை ஓட்டினார்.

அடுத்து செபஸ்தியன். அவருக்கு வண்டி சுமாராகத்தான் ஓடும். துரை கண்ணில் பட்டதுமே கால் தானாகத் தரையில் ஊன்றியது. இருபது கஜத்துக்கு முன்பே இறங்கினார். தொப்பியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வண்டியைத் தள்ளினார். இருபது கஜம் தாண்டி ஏறினார். மூன்று தடவையும் அப்படியே.

துரை நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"என் கண்முன்னால இவன் ஒரு தடவைகூட தடுமாறல. கவனிச்சியா தங்கராஜு?"

"நல்லா கவனிச்சேன் தொரை."

துரை செபஸ்தியன் பக்கம் திரும்பினார். "எதிர்ல எருமை வந்தா என்ன செய்வே?"

"எறங்கிருவேன் தொரை."

"மழை வந்தா?"

"எறங்கிருவேன்."

"மோட்டார் கார் வந்தா?"

"தூரத்துலயே எறங்கிருவேன் தொரை."

"சாலையில யாருமே இல்லாட்டி?"

செபஸ்தியன் யோசித்தார். "யாராச்சும் வருவாங்க தொரை."

இவ்வளவு பத்திரமான ஓட்டுநரை இந்த நாட்டில் தாம் கண்டதில்லை என்று துரை எழுதிக் கொடுத்தார். லைசென்சோடு வீடு திரும்பியவரை மனைவி அமலோற்பவம் வாசலில் வைத்தே கேட்டாள். "வண்டிய தள்ளிக்கிட்டு நடக்கறதுக்கா லைசென்சு?"

"ஒனக்கு ஒண்ணும் தெரியாது. அந்த மூணாம் டிவிசன் புள்ளைக்கி வலி வந்தா அரை மணியில போய் நிப்பேன் பாரு" என்றார் அவர். மனசாரத்தான் சொன்னார்.

கமிட்டி அத்துடன் நிற்கவில்லை. செபஸ்தியனின் முறையையே வட்டாரத்துக்கெல்லாம் சட்டமாக்கியது. சிறிய வாகனத்தில் வருபவர் பெரிய வாகனத்தைக் கண்டதும் இறங்கவேண்டியது. சாலையை விட்டு விலகி வாய்க்கால் பக்கம் நிற்கவேண்டியது. பெரிய வாகனம் ஓட்டுபவரின் கவனம் சிதறி விபத்து நேராதபடி, அவர் பேசினாலன்றித் தாம் வாய் திறவாமல் இருக்கவேண்டியது. விடியற்காலைப் பெரட்டில் ஆட்கள் வரிசையாக நிற்க, கங்காணி லெட்சுமணன் இதை மூன்று நாள் உரக்கப் படித்தார்.

பலன் உடனே தெரிந்தது. வட்டாரத்தில் விபத்தே இல்லை. மோட்டார் சைக்கிள்கள் துரைகளுக்காக நின்றன, சைக்கிள்கள் மோட்டார் சைக்கிள்களுக்காக நின்றன, நடப்பவர்கள் எல்லாவற்றுக்காகவும் நின்றார்கள். லைசென்ஸ் கிடைக்காத ஐயாசாமி தோல் தொப்பியும் கண்ணாடியுமாக ஆபீசுக்கு நடந்தே போனார். வண்டியே இல்லாத சின்ன கிராணிகள் நாலு பேர் அதைப் பார்த்துத் தாங்களும் கண்ணாடி வாங்கி மாட்டிக்கொண்டார்கள்.

செபஸ்தியனுக்கும் ஒரு புது அனுபவம் வாய்த்தது. முப்பத்தாறு வயதுவரை அவர் பிறருக்காக இறங்கியிருக்கிறாரே தவிர, அவருக்காக யாரும் இறங்கியதில்லை. இப்போது சைக்கிள்கள் அவரைக் கண்டு இறங்கின. தலைத்துண்டுகள் அவிழ்ந்தன. முதலில் கூச்சமாக இருந்தது. இரண்டாம் வாரம் தலையை லேசாக அசைத்து ஏற்றுக்கொள்ளப் பழகினார். மாதம் முடிவதற்குள், தாமும் ஒரு கறுப்புக் கண்ணாடி வாங்கி மாட்டிக்கொண்டு, தினமும் நாலு மணிக்கு மேல் வேலை இல்லாமலே கடைத்தெருவரை ஒரு நடை ஓட்டிப்போனார். ஆட்கள் வேலை முடிந்து திரும்புகிற நேரம் அது.

அப்படி ஒரு மாலை. எதிரே ஒருவன் சைக்கிளில் தலைதெறிக்க வந்துகொண்டிருந்தான். மோட்டார் சைக்கிளைக் கண்டதும் குதித்து இறங்கினான். சைக்கிளோடு வாய்க்காலுக்குள்ளேயே போய், துண்டை அவிழ்த்துப் பிடித்துக்கொண்டு நின்றான். வாய்க்காலுக்குள்ளேயே இறங்கி நின்றவனை அன்றுதான் செபஸ்தியன் பார்த்தார். அவனுக்காக வழக்கத்தைவிடச் சற்றுக் கூடுதலாகவே தலையை அசைத்துவிட்டுக் கடந்துபோனார்.

கடைத்தெருவில் காப்பி குடித்து முடித்தபோது அதே ஆள் மூச்சு வாங்க வந்து, கடைக்கு வெளியே வண்டியைச் சாய்த்தான். இடுப்புவரை சேறு. அப்போதுதான் முகம் தெரிந்தது. வீரமுத்து.

"டிரெசரய்யா, பேச்சிக்கு வலி கண்டிருச்சிங்க. மத்தியானத்திலேர்ந்து துடிக்கிறா."

"அலமாக்! வழியிலதானடா பார்த்தேன் ஒன்னை! அப்பவே ஏண்டா சொல்லல?"

"நீங்க வண்டியில வந்தீங்களே அய்யா."

"வந்தா?"

"பேசக் கூடாதுன்னு பெரட்டுல படிச்சாங்களே. நீங்க பேசுவீங்கன்னு மொகத்தயே பார்த்துக்கிட்டு நின்னேன். நீங்க தலைய ஆட்டிட்டுப் போயிட்டீங்க. சரி, தெரிஞ்சிருச்சி போலன்னு நெனச்சேன். அப்புறம் பார்த்தா வண்டி இந்தப் பக்கமா போவுது. பின்னாலயே மிதிச்சி வந்தேன்."

செபஸ்தியன் ஓடிப்போய் வண்டியைக் கிளப்பினார். மருந்துப் பையை ஆஸ்பத்திரியில் எடுத்துக்கொண்டு மூன்றாம் டிவிசன் சாலையில் திரும்பினார். வாழ்க்கையில் அவ்வளவு வேகமாக அவர் ஓட்டியதில்லை. மூன்றாம் மைலில் புதுச் சின்ன துரையின் பங்களா. துரை வராந்தாவில் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தார். செபஸ்தியன் இறங்கினார். தொப்பியைக் கக்கத்தில் இடுக்கி, அந்த நீளமான வேலி முடியும்வரை வண்டியைத் தள்ளினார். துரை செய்தித்தாளிலிருந்து கண் எடுக்கவில்லை. ஐந்தாம் மைலில் துரைசானி நாயோடு உலாவிக்கொண்டிருந்தாள். மறுபடி இறங்கினார். நாய் மோப்பம் பிடித்து முடிக்கும்வரை காத்திருந்தார்.

பேச்சியம்மாள் குடியிருந்த லயத்து வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது உள்ளே பிள்ளை அழுகிற சத்தம் கேட்டது. ஆண் பிள்ளை. எவருடைய அனுமதிக்கும் காத்திராமல் பிறந்திருந்தது. பக்கத்து வீட்டு ராசம்மா தொப்புள்கொடியை அறுத்து, கையைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

"தாமதமாயிருச்சே சார்" என்றாள். அவள் தோட்டத்துக்குப் புதுசு. மனசில் பட்டதைச் சொல்லிவிடுவாள்.

"வழியெல்லாம் பத்திரமா வரணும்ல" என்றார் செபஸ்தியன். கண்ணாடியைக் கழற்றாமலே வாசலைத் தாண்டினார்.

பாயில் கிடந்த பேச்சியம்மாள் அவரைப் பார்த்தாள். பிள்ளையை ஒரு பக்கம் ஒதுக்கினாள். சுவரில் கையூன்றி எழுந்திருக்கத் தொடங்கினாள். ராசம்மா பதறிப்போய் டிரெசரைப் பார்த்தாள்.

செபஸ்தியன் நல்ல மனிதர். "எழுந்திருக்காதம்மா, படு படு" என்றார். அவள் முழுதாக எழுந்து நின்ற பிறகு சொன்னார்.