உலான் கணவாயை முதுகால் வென்ற ரவ்தான்

வாழி! எண்ணெய்க் கறையைச் சந்தனமெனப் பூசியவனும், திருகாணிகளின் திறவாத நெஞ்சையும் திறப்பவனும், ஆடு முந்நூற்றுக்கும் மாடு முப்பதுக்கும் மனைவி ஒருத்திக்கும் தலைவனும் (இக்கடைசித் தலைமை பற்றி மட்டும் இருவேறு கருத்துண்டு), நாற்பது வயதான ருஷிய ஜீப் ஒன்றின் ஏக நாதனுமாகிய ரவ்தான் வாழி! அவன் மீசை வாழி! அவன் செய்த பிழையும் வாழி, அதனால்தானே நமக்கு இக்கதை கிடைத்தது!

அந்த ஜீப்புக்கு ஒரே ஒரு குறைதான். கணவாயைக் கண்டால் கொதிக்கும். எஞ்சினோடு பெல்ட்டால் பிணைக்கப்பட்ட அதன் நாலிதழ் இரும்பு விசிறியானது, ஏற்றத்தில் எஞ்சின் தளர்ந்து ஊர்கையில் தானும் தளர்ந்து, போர்முனையில் கொட்டாவி விடும் தளபதியைப் போலக் கைவிடும்; ஆற்றைக் கடக்கையிலோ வேண்டாத வீரம் மேலிட்டு, வெள்ளத்தை வாரி எஞ்சின்மேல் இறைத்து, வண்டியை நட்டாற்றில் நிறுத்திவிடும். இக்கொடுங்கோலனை ரவ்தான் கழற்றி எறிந்து, உடைந்த ஜப்பானியக் காரொன்றிலிருந்து பறித்து வந்த மின்விசிறியை ரேடியேட்டருக்குப் பின்னே அரியணை ஏற்றினான். சிவப்பும் கறுப்புமான ஒயர்கள் இரண்டையும் இணைத்து, இணைப்பின்மேல் உலகம் அழிந்தாலும் அழியாத பசையைப் பூசி, பானெட்டின்மேல் பால் தெளித்து, விசையைத் தட்டினான். விசிறி உறுமியது. ஆடுகள் சிதறின. அது உறுமுகிறதா என்று பார்த்தார்களே ஒழிய, எந்தப் பக்கம் உறுமுகிறது என்று ஒருவரும் பார்க்கவில்லை.

மறுநாள் கணவாய்க்கு அப்பால், மைத்துனன் மிஷிக்கின் மகளுக்கு முதல் முடி வெட்டும் விழா. முதல் கற்றையை, புலி ஆண்டில் பிறந்தவர் கை, உச்சிப் பொழுதுக்கு முன் வெட்ட வேண்டும் என்று லாமா கணித்துவிட்டார். குலத்தில் புலி ஆண்டில் பிறந்தவள் ரவ்தானின் மனைவி ஹந்தா ஒருத்திதான். அக்காவை அழைத்துப் போக மிஷிக்கே தன் புதிய காரில் வந்து நின்றான்.

"அக்கா, பேசாம என்கூட வந்துடு. மாமா வண்டியில வந்தேன்னா, பாப்பாவுக்குக் கல்யாணம் ஆனப்புறம்தான் முடி வெட்டணும்."

கேட்டனன் ரவ்தான். சிவந்தன கண்கள். சிலிர்த்தது மீசை. முழங்கினான்:

"டேய் மிஷிக்! நாளைக்கு உச்சிக்குள்ள உங்கக்காவ இந்த வண்டி கொண்டாந்து சேர்க்கலைன்னா, நீயே இதைப் பழைய இரும்புக்குப் போட்டுக்கோ!"

"நான் சாட்சி," என்றாள் ஹந்தா, மாவு பிசைந்துகொண்டே.

பொழுது புலர்ந்தது. புறப்பட்டது தேர். சமவெளியைப் புழுதியாக்கி, சிற்றாறுகளை விசிறி நிறுத்திக் கடந்து, உலான் கணவாயின் அடிவாரத்தை அடைந்தது. எதிரே, கணவாயின் நிரந்தரக் காவலனாம் வடகாற்று, ஆயிரம் குதிரைகளின் குளம்பொலியோடு இறங்கி வந்தது. பாதி ஏற்றம்கூட ஏறவில்லை. வெப்பமானியின் முள், கோட்டையில் ஏணி சாத்தி ஏறும் பகைவன்போல் படிப்படியாக ஏறிச் சிவப்புக் கோட்டின் விளிம்பைத் தொட்டு நின்றது.

வண்டி சூடேறினால் மூக்கைக் காற்றுக்கு நேரே திருப்பி நிறுத்துவது அந்நாட்டு ஓட்டுநர் அனைவரும் கண்ணை மூடிக்கொண்டு செய்யும் வைத்தியம். ரவ்தானும் செய்தான். முள் இறங்க வேண்டும். ஏறியது! இரும்புக் கடை வாசலில் தன் ஜீப் துண்டு துண்டாகக் கிடக்கும் காட்சி கண்முன் விரிய, உலகம் காணாத வண்ணம் ஒரு துளிக் கண்ணீரைச் சட்டைக் கையில் துடைத்தான் மாவீரன்.

அப்போது ஹந்தா இறங்கினாள். குழந்தைக்கென்று கொண்டுவந்த நீலப் பட்டுத்துண்டை எடுத்து வண்டியின் முன்வலைக்கு அருகே பிடித்தாள். வலையோடு ஒட்டிக்கொள்ள வேண்டிய பட்டு, வடகாற்றையே எதிர்த்து வெளியே படபடத்தது.

"என்னங்க, இது உறிஞ்சல. ஊதுது."

ரவ்தான் வானத்தைப் பார்த்தான்.

"சிவப்பையும் கறுப்பையும் மாத்திக் குடுத்துட்டீங்க."

"மாத்தல. விசிறி காத்தோட சண்டை போடுது. வீரமான விசிறி."

"சண்டை போடட்டும். அங்க புள்ள வெட்டாத தலையோட உக்காந்திருக்கு."

இணைப்போ கொதிக்கும் குழாய்களின் நடுவே பசைக்குள் புதைந்து கிடந்தது. சூடு தணிந்து கை நுழைய ஒரு மணி நேரமாகும். உச்சிக்கு இருந்ததும் ஒரு மணி நேரம்தான். விசிறியை நிறுத்தினாலோ, வெறுங்காற்று அந்தக் கிழ எஞ்சினுக்குப் போதாது. ஊதும் விசிறியும் எதிர்க்கும் காற்றும் நடுவே மாட்டிய ரேடியேட்டரும்... பளிச்சென்று மின்னியது மாவீரனின் மதி! வண்டியின் முதுகைக் காற்றுக்குத் திருப்பினான். காற்றும் விசிறியும் கைகோத்து ஒரே திசையில் ஓடின. முள் தலை குனிந்து இறங்கியது.

"ஏறு ஹந்தா! ரிவர்ஸ்லயே போறோம்!"

"தெய்வமே," என்றாள் அவள். ஏறினாள்.

அதன்பின் நிகழ்ந்ததைப் பாட நாவாயிரம் வேண்டும். கழுத்தைத் திருகி, கண்ணைப் பிதுக்கி, பின்கண்ணாடி வழியே பூமியைப் பார்த்தவாறு, ரிவர்ஸ் கியர் நரகத்துப் பன்றிபோல் ஓலமிட, வளைவுக்கு வளைவு மனைவி "இடது! இடதுன்னா உங்க இடது!" என்று போர்முரசு கொட்ட, உலான் கணவாயை முதுகால் முட்டி ஏறினான் ரவ்தான். எதிரே வந்த குதிரைக்காரன் ஒருவன் கடிவாளத்தை இழுத்து நின்றான்.

"அண்ணே, போறீங்களா, வர்றீங்களா?"

மறுமொழி சொல்லக் கழுத்து திரும்பவில்லை. கணவாயின் முகட்டில் வழிப்போக்கர் வணங்கும் கற்குவியலைப் பின்கியரிலேயே முறைப்படி வலம் வந்து, மும்முறை ஹாரன் அடித்து, மறுசரிவில் இறங்கினான். விருந்தினர் அனைவரும் கூடாரத்துக்கு வெளியே வந்து கைகளை நெற்றியில் வைத்துப் பார்க்க, வண்டி பின்புறத்தால் வணங்கியபடி வந்து நின்றது. உச்சிக்கு எட்டு நிமிடம் இருந்தது. ஹந்தா ஓடினாள், கத்தரி ஒலித்தது, முதல் கற்றை பட்டில் விழுந்தது. வண்டி இரும்புக் கடைக்குத் தப்பியது. குழந்தை அழ மறந்து ஜீப்பைக் காட்டிக் கைகொட்டிச் சிரித்தது.

"மாமா, என்ன இது, பின்னாடியே வர்றீங்க?" என்றான் மிஷிக்.

கழுத்து வலப்புறமாகவே உறைந்திருந்த ரவ்தான், யாரும் இல்லாத திசையை நோக்கிக் கம்பீரமாக முழங்கினான்:

"கிளம்புற தோரணையில வந்தாத்தான்டா, உங்க வீட்டுல சீக்கிரம் சாப்பாடு போடுவீங்க!"

சாப்பிட்டுவிட்டு வந்து இரண்டு ஒயரையும் மாற்றிப் போட்டான், பத்து நிமிஷம் ஆனது.