ஐந்து பிள்ளைகளுக்கு ஒரே நாளில் அப்பனான கதை

எனக்குச் சந்தேக புத்தி ஜாஸ்தி. தபால்காரர் சிரித்தால்கூட, கடிதத்தைப் பிரித்துப் படித்துவிட்டுத்தான் சிரிக்கிறார் என்று நினைப்பேன். அதைப் புத்திசாலித்தனம் என்று இருபத்து நாலு வயது வரை நம்பிக்கொண்டிருந்தேன். கிள்ளானுக்கு வடக்கே மேரு ரோட்டை ஒட்டிய ஒரு சின்ன ரப்பர் தோட்டத்தில் அப்போது நான் கணக்கு எழுதும் கிராணி. (பெரிய உத்தியோகம் என்று எண்ண வேண்டாம். காலையில் பேர் கூப்பிடுவது, ரப்பர் பாலை நிறுப்பது, முதலாளி திட்டும்போது நிற்பது.)

முதலாளி நம்மவர். கிள்ளான் பாசாரில் மளிகைக் கடை வைத்திருந்து, தோட்டம் வாங்கியவர். சட்டம் என்றாலே அவருக்குப் பயம். அந்த வருஷம் தொழிலாளர் சட்டத்தைத் திருத்தியிருந்தார்கள். ஆங்கில கெஜட்டைப் படித்துச் சொல்வது என் வேலை. எனக்குப் பாதிதான் புரியும். மீதியைச் சந்தேகத்தால் நிரப்பிக்கொள்வேன்.

“தோட்டத்துல கூலிக்காரங்க பிள்ளைங்க இருந்தா ஆயாக் கொட்டகை கட்டணுமாம் முதலாளி. அம்மாமாருங்க வேலைக்குப் போனா பார்த்துக்க ஒரு ஆயாவும் போடணுமாம்.”

“யாரோ பெத்துப் போடுவாங்க, நான் கொட்டகை கட்டணுமா?” என்று குதித்தார். பிறகு குரலைத் தாழ்த்தினார். “கூலிக்காரங்க பிள்ளைங்கன்னுதானே போட்டிருக்கான்? கிராணி பிள்ளைங்கன்னு போடலையே?”

“போடல.”

“அப்ப லேபர் ஆபீஸ்லேருந்து எவனாச்சும் விசாரிக்க வந்தா, எல்லாம் உன் பிள்ளைங்கன்னு சொல்லிடு. சும்மா வழிப்போக்கன் மாதிரி வருவானுங்களாம். காபிக்கடையில பேசிக்கிட்டாங்க. ஜாக்கிரதை.”

கல்யாணமே ஆகாத நான் மறுத்திருக்க வேண்டும். ஆனால் அப்போது எனக்குப் பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் பெண் பேசிக்கொண்டிருந்தார்கள். பேர் மரகதம். தைப்பூசக் கூட்டத்தில் தூரத்திலிருந்து ஒரே ஒரு தடவை பார்த்ததுதான், அதற்குப் பிறகு எனக்குச் சோறு இறங்கவில்லை. அவள் வீட்டில் வேறு யாரையும் பார்த்ததில்லை. வேலையில்லாதவனுக்கு யார் பெண் கொடுப்பார்கள்? தலையாட்டிவிட்டேன்.

பத்து நாள் கழித்து ஒரு பெரியவர் வந்தார். கையில் குடை, காலில் பாலிஷ் போட்ட ஷூ. வேலை கேட்டு வருகிறவர் ஷூ போட மாட்டார். ரப்பர் வாங்க வருகிறவர் ரப்பரைப் பார்ப்பார். இவரோ என்னையே பார்த்தார்.

“தம்பி, குடிக்கத் தண்ணி கிடைக்குமா?” (தண்ணீரைச் சோதிக்கிறார்!) கொடுத்தேன். பாதிதான் குடித்தார்.

“இங்க கிராணியாரு ஆளு எப்படி? கள்ளு கிள்ளு உண்டா?”

“நான்தாங்க கிராணி. கள்ளு வாடையே எனக்கு ஆகாது. தோட்டத்துல ஒருத்தருமே குடிக்கிறதில்ல.” முன்பாதி நிஜம். பின்பாதியைக் கேட்டு மரம் முறிந்து தலையில் விழாதது ஆச்சரியம்.

பெரியவர் முகம் மலர்ந்தது. அந்த மலர்ச்சியும் எனக்குப் பிடிக்கவில்லை. மரத்தடியில் விளையாடிக்கொண்டிருந்த ஐந்து பிள்ளைகளைக் குடையால் காட்டி, “இதெல்லாம் யாரு பிள்ளைங்க?” என்றார்.

வந்துவிட்டாரப்பா விஷயத்துக்கு, என்று நினைத்துக்கொண்டேன்.

“என்னுதுங்க.”

“எது?”

“எல்லாமே.”

பெரியவர் குடையை ஊன்றிக்கொண்டார். “மூணு ஒரே வயசாத் தெரியுதே தம்பி?”

இதற்கு முதலாளி பதில் சொல்லித் தரவில்லை. சொந்த மூளையை உபயோகித்தேன். “எனக்கு ரெண்டு சம்சாரங்க. ஒருத்திக்கு ரெட்டைப் பிள்ளை.”

அவர் அப்படியே கல்லில் உட்கார்ந்துவிட்டார். சட்டத்தையே மடக்கிவிட்டோம் என்று எனக்குள் ஒரே பெருமை. அந்த நேரம் பார்த்துப் பால்வெட்டும் அஞ்சலை இரண்டு வாளிகளோடு வந்து சேர்ந்தாள். ஐந்தில் இரண்டு அவள் பெற்றவை. சின்னது ஓடிப் போய் அவள் காலைக் கட்டிக்கொண்டது.

“இவங்கதான் மூத்த சம்சாரமா?” என்றார் பெரியவர், ஈனஸ்வரத்தில்.

அஞ்சலை வாளிகளைக் கீழே வைத்தாள். “என்னா கிராணியாரே, என் புள்ளைங்களுக்கு எப்பருந்து அப்பனானீங்க? என் வூட்டுக்காரரு அங்கதான் மரம் சீவிக்கிட்டிருக்காரு. கத்தியோட வரச் சொல்லவா?”

என் தைரியம் அதோடு சரி. “ஐயா, ஆபீஸ்ல எழுதிடாதீங்க! ஆயாக் கொட்டகைக்குப் பயந்து சொன்னதுங்க. எனக்குக் கல்யாணமே ஆகலீங்க!” என்று கும்பிட்டேன்.

“எந்த ஆபீசு? நான் மரகதத்தோட அப்பா. மாப்பிள்ளை எப்படின்னு நேர்ல விசாரிச்சுட்டுப் போகலாம்னு வந்தேன்.”

அழுதேன். சொல்ல வெட்கமில்லை, மூக்கை உறிஞ்சி உறிஞ்சி அழுதேன். அஞ்சலைகூடப் பாவப்பட்டு வாளியைத் தூக்கிக்கொண்டு நகர்ந்துவிட்டாள். பெரியவர் எழுந்து போய்ப் பிள்ளைகளைப் பார்த்தார். சின்னதின் கால் முழுக்க எறும்புக் கடி.

“உன் வாயாலதானே அப்பன்னு சொன்ன? அப்ப இதுங்களுக்கு ஒரு கொட்டகை போடு. போட்டுட்டு வந்து பொண்ணு கேளு.”

மறுநாள் முதலாளியிடம், கொட்டகை போடாவிட்டால் நானே ஆபீசுக்குப் போய்ச் சொல்வேன் என்றேன். என் ஆயுளில் செய்த ஒரே வீரச்செயல் அதுதான். முதலாளி என்னை மேலும் கீழும் பார்த்து, “எவன்டா உன்னை விலைக்கு வாங்கினான்?” என்றார். வாரக்கணக்கில் முனகிவிட்டு, கம்பும் கூரைக்கு அத்தாப்பு ஓலையும் தர ஒப்புக்கொண்டார். நானும் அஞ்சலையின் வீட்டுக்காரரும் கட்டினோம். கட்டி முடிக்கும்வரை அஞ்சலை புருஷன் என்னை முறைத்துக்கொண்டே இருந்தார். அஞ்சலையின் மாமியார் ஆயாவானாள்.

கல்யாணம் நடந்தது. மாமனார் என்னை மன்னித்தாரே தவிர, நம்பவில்லை. கண்மூடும்வரை, எங்கள் வீட்டுக்கு வந்தால் வாசலிலேயே நின்று பிள்ளைகளை எண்ணுவார். பக்கத்து வீட்டுப் பிள்ளை ஒன்று அங்கே இருந்துவிட்டால், “இது யாருது மாப்பிள்ளை?” என்பார். இப்போது அதே கேள்வியை என் மகன்கள் கேட்டுவிட்டுச் சிரிக்கிறார்கள். நான் வாய் திறப்பதற்குள் சமையல்கட்டிலிருந்து மரகதம் குரல் கொடுத்துவிடுவாள்:

“அவரக் கேக்காதீங்க. தன்னுதும்பாரு!”