உங்கள் மகளின் கருவி பொய் சொல்கிறது

பாசமும் மரியாதையும் உள்ள அண்ணன் அவர்களுக்கு, தங்கை வணங்கி எழுதுவது. ஆண்டவன் கருணையால் இங்கே நானும் உங்கள் மகளும் ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம். அங்கே நீங்களும் அண்ணியும் உங்கள் இடது முழங்காலும் நலமாக இருக்க வேண்டும் என்று தினமும் வேண்டிக்கொள்கிறேன். போனிலேயே சொல்லலாம்தான். ஆனால் நான் பேச ஆரம்பித்ததும் நீங்கள் போனை அண்ணியிடம் கொடுத்துவிடுகிறீர்கள், அண்ணி ஆரம்பித்தால் அப்புறம் நான் வாயைத் திறக்க முடியாது. கடிதத்தில் யாரும் குறுக்கே வர முடியாது பாருங்கள், அதனால் எழுதுகிறேன்.

விஷயம் இதுதான். நாளை வெள்ளிக்கிழமை பாப்பாவின் ஆராய்ச்சிக்குத் தீர்ப்பு நாள். வெளியிலிருந்து ஒரு பெரிய டாக்டரம்மா வந்து கருவியைப் பார்க்கப் போகிறார். சரியாக வேலை செய்தால் இன்னும் இரண்டு வருஷம் நடத்தலாம். இல்லையென்றால் நாலு வருஷ உழைப்பை அட்டைப்பெட்டியில் போட்டுக் கட்டிக்கொண்டு ஊர் வந்து சேர வேண்டியதுதான். அண்ணா, உங்கள் மகள் என்பதற்காக மறைக்க மாட்டேன். அந்தக் கருவி பொய் சொல்கிறது. அவளுக்கு நீங்கள்தான் பக்குவமாக நாலு வார்த்தை சொல்லி மனசைத் தேற்ற வேண்டும்.

கருவி என்றால் பெரிதாக நினைத்துக்கொள்ளாதீர்கள். தபால்தலை அளவு ஒரு வில்லை, ரப்பர் மாதிரி வளையும், கண்ணாடி மாதிரி தெரியும். அச்சில் ஊற்றி, அடுப்பில் வைத்து இறுக வைத்து, உரித்து எடுத்து, கண்ணாடித் துண்டில் ஒட்டுகிறார்கள். அதற்குள்ளே தலைமுடியை விட மெல்லிசாக வாய்க்கால்கள், கொசுவுக்குக் குழாய் போட்டுக் கொடுத்த மாதிரி. ஒரு முனையில் ஒரு சொட்டு ரத்தம் வைத்தால் அது தானாகவே ஊர்ந்து போகும், இன்னொரு வாய்க்காலில் ஒரு சாயம் வரும், இரண்டும் நடுவில் சந்திக்கும். நல்ல உடம்பு என்றால் மஞ்சளாகவே இருக்கும், சர்க்கரை நோய் முற்றி ஆபத்தான நிலைக்குப் போகிற உடம்பு என்றால் சிவக்கும். குழந்தைகளுக்கு இது வந்தால் வாயைத் திறந்து சொல்லத் தெரியாதாம், அதனால் தாய்மார் வீட்டிலேயே பார்த்துக்கொள்கிற மாதிரி ஒன்று செய்ய வேண்டும் என்று இவள் ராப்பகலாகக் கிடக்கிறாள். நல்ல காரியம்தானே, அதில் நான் குற்றம் சொல்லவில்லை.

அந்தச் சாயத்தைச் செய்கிறவன் கீழ்த்தளத்தில் இருக்கிறான். அவனைத் தாடி என்றுதான் எல்லோரும் கூப்பிடுகிறார்கள், நானும் அப்படியே கூப்பிடுகிறேன், பெயர் கேட்க இனிமேல் வெட்கமாக இருக்கிறது. நான் பாத்திரம் கழுவுகிற வேலை அவனுடைய அறையில்தான். பாப்பாவுக்குத் துணையாக வந்தவள் சும்மா இருப்பானேன் என்று ஆராய்ச்சிக்கூடத்தை நடத்துகிற பெரிய மேடத்திடம் கேட்டேன், குடுவை கழுவுகிற வேலை கொடுத்தார்கள். அண்ணா, ஐம்பத்து நாலு வயதில் எனக்கு வெள்ளை கோட்டு மாட்டிவிட்டிருக்கிறார்கள். தாடி அந்தச் சாயத்துக்குப் பதினோரு தடவை பொருளை மாற்றி மாற்றிச் சேர்த்து, கிண்டி, வடிகட்டி, மூன்று வாரம் கழித்து ஒரு சிட்டிகைப் பொடி எடுப்பான். அதை வைத்துக்கொண்டு பெற்ற பிள்ளையைப் பார்க்கிற மாதிரி பார்ப்பான்.

கருவிக்கு நோயாளி ரத்தம் ஆஸ்பத்திரியிலிருந்து வரும், கூடவே அவர்கள் மெஷினில் பார்த்த கணக்கும் வரும். ஆனால் ஒத்துப் பார்க்க ஆரோக்கியமான ஆள் ஒருத்தரும் வேண்டுமே. தாடி ஊசியைப் பார்த்ததும் நாற்காலியைத் தேடினான். நான் விரலை நீட்டினேன். ஒரு மாத்திரை சாப்பிட்டதில்லை, ஒரு நாள் படுத்ததில்லை, பாரத்தில் எல்லாக் கட்டத்திலும் இல்லை இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். புதன்கிழமைக்குப் புதன்கிழமை ஒரு சொட்டு. இந்த ஆராய்ச்சியிலே ஆரோக்கியம் என்றால் அது உங்கள் தங்கைதான். நல்ல உடம்புக்கு எதுக்கு இன்னொரு டெஸ்ட் என்று என் ரத்தத்தை மட்டும் ஆஸ்பத்திரி மெஷினுக்கு அனுப்பவே இல்லை.

முதலில் மஞ்சளாகத்தான் வந்தது. ஆனால் வாய்க்காலில் காற்றுக் குமிழி வந்து மாட்டிக்கொள்ளும். ஊசிமுனை அளவு குமிழி, ஆனால் வழியில் படுத்த எருமை மாதிரி, அடித்தாலும் நகராது. பாப்பா மைக்ராஸ்கோப்பை விட்டு எழுந்து போய் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு நிற்பாள். எனக்குப் பொறுக்கவில்லை. ஆண்டவனே, இந்தக் குமிழியை நிறுத்து, நான் செவ்வாய் காலையிலிருந்து புதன் ரத்தம் எடுக்கிறவரை பச்சைத் தண்ணீரோடு இருக்கிறேன் என்று வேண்டிக்கொண்டேன். வெளியே சொன்னால் விரதத்துக்குப் பலன் போய்விடும், அதனால் யாருக்கும் சொல்லவில்லை. உங்களுக்கு எழுதுகிறேன்தான், எழுதுவது சொல்லுவதில் சேராது. சாப்பாட்டு டப்பாவை வாசல் காவலாளிக்குக் கொடுத்துவிடுவேன். பாப்பா “சாப்டீங்களா அத்தை?”ன்னு கேட்டா சாப்பிட்டேன்னு சொல்லிடுவேன். நல்லதுக்குச் சொல்ற பொய்க்குக் கணக்கு வேறயாத்தான் இருக்கும்.

நம்ப மாட்டீங்க, அந்த வாரமே குமிழி நின்னுபோச்சு. வில்லையை வெற்றிடப் பெட்டியில வெச்சுக் காத்தை உறிஞ்சினதால நின்னுதுன்னு பாப்பா சொல்றா, சொல்லிட்டுப் போகட்டும். ஆனா குமிழி நின்ன அன்னைக்கே என் ரத்தம் லேசா சிவந்துது. அடுத்த புதன் இன்னும் சிவந்துது. குமிழியை நிறுத்தின ஆண்டவனுக்கு இதையும் நிறுத்தத் தெரியாதான்னு விரதத்தைத் திங்கக்கிழமையிலிருந்தே ஆரம்பிச்சேன். அந்த வாரம் நல்லா செக்கச்செவேல்னு வந்துது.

அதோட மேலுக்கும் கீழுக்கும் சண்டை. சாயம் கெட்டுப்போச்சுன்னு இவ, வாய்க்கால்ல அழுக்குன்னு அவன். தாடி அந்தப் பதினோரு படியையும் மறுபடி முதல்லேருந்து செஞ்சான். இவ நாப்பது வில்லை புதுசா வார்த்தா, ஒவ்வொண்ணுலயும் ஒட்டுற டேப்பை ஒட்டி ஒட்டி எடுத்துத் தூசி துடைச்சா. கோபமெல்லாம் சுத்தி என் தலையிலயும் விழுந்துது. நான் பக்கத்துல போனாலே தாடி மூக்கைச் சுளிச்சு, “அத்தை, குடுவை அலசுற அசிட்டோன் பாட்டிலைத் திறந்து வெச்சுட்டீங்களா, உங்க மேலேயே வாடை வருது”ன்னான். ரெண்டு தடவை போய்ப் பார்த்தேன், மூடி இறுக்கி மூடியிருக்கு. வாய் கொப்பளிச்சும் போகலை. கெட்ட பேர் எங்கேருந்தெல்லாம் வருது பாருங்க.

சரி, சொல்ல வந்தது என்னன்னா, இந்தத் தடவை முழு மூச்சாய் இறங்கிவிட்டேன். செவ்வாய்க்கிழமையிலிருந்து இன்று வியாழன் வரை தண்ணீர் மட்டும்தான், நாளை டாக்டரம்மா பார்த்து முடிக்கிறவரை இப்படியே. எழுத்து கோணலாக இருந்தால் மன்னிக்கவும், காகிதம் கொஞ்சம் ஆடுகிறது. நீங்களும் அண்ணியும் ஒருநாள் பட்டினி இருந்து வேண்டிக்கொண்டால் பலம் கூடும். அப்படியும் சிவந்தால் கருவி பொய்தான், அதில் சந்தேகமே இல்லை, அவளை அழைத்துக்கொண்டு வந்துவிடுகிறேன்.

உங்கள் ஆயுசும் அண்ணியின் குரலும் குறையாமல் இருக்க ஆண்டவனை வேண்டும்,
உங்கள் தங்கை.

பி.கு.: அண்ணா, பட்டினி இருக்காதீங்க. மேலே எழுதினது அத்தனையும் தப்பு. கடிதம் பைக்குள்ளயே கிடந்து இன்னையோட பதினோராம் நாள், பாப்பா போன்ல சொல்லியிருப்பா, இருந்தாலும் எழுதின காகிதத்தை வீணாக்க மனசு வரலை.

வெள்ளிக்கிழமை எல்லாரும் சுத்தி நிக்க என் விரலைக் குத்தினாங்க. வில்லை அதுவரைக்கும் சிவக்காத சிவப்பு சிவந்துது. பெரிய மேடம் தரையைப் பார்த்தாங்க. டாக்டரம்மா மட்டும் அதே விரல்ல இன்னொரு சொட்டு எடுத்து, தன் பையில இருந்த கையடக்க ஆஸ்பத்திரி மெஷின்ல வெச்சுப் பார்த்தாங்க. ரெண்டும் ஒரே கணக்கு. சர்க்கரையையும் பார்த்தாங்க, அது ஒழுங்கா இருக்கு. அப்புறம் கண்ணாடியைக் கழட்டிட்டு மெதுவா கேட்டாங்க.

“ஏம்மா, கடைசியா எப்ப சாப்பிட்ட?”

வேண்டுதலைச் சொல்லக் கூடாது, உயிரைக் காப்பாத்துற டாக்டர்கிட்ட பொய்யும் சொல்லக் கூடாது. பாப்பா என் முகத்தையே பார்த்துட்டு, “அத்தை, நிஜத்தைச் சொல்லுங்க”ன்னா.

“திங்கக்கிழமை ராத்திரி”ன்னேன்.

நோய் முத்தினா ரத்தத்துல எது ஏறுமோ அதே பொருள் பட்டினி கிடந்தாலும் ஏறுமாம், என் மேல அடிச்ச வாடையும் அதுதானாம். கருவி அஞ்சு வாரமா, இந்த அம்மா சாப்பிடலை, இந்த அம்மா சாப்பிடலைன்னு கத்திட்டு இருந்திருக்கு, நாங்கதான் ஆளாளுக்கு அதைத் திட்டியிருக்கோம். தாடி அப்படியே தரையில உட்கார்ந்து, “எத்தனை கிராம் செஞ்சேன் தெரியுமா அத்தை”ன்னான், அழறானா சிரிக்கிறானான்னு தாடியில தெரியலை. பாப்பா என்னைக் கட்டிக்கிட்டுத் திட்டினா, திட்டிக்கிட்டே அழுதா. மறுநாள் வயிறாரச் சாப்பிட வெச்சுப் பார்த்தாங்க, மஞ்சள். ரெண்டு வருஷம் கொடுத்துட்டாங்க.

இப்ப அதையே ஆராய்ச்சியா வெச்சிருக்காங்க. நான் டாக்டர் மேற்பார்வையில ஒரு நாள் பட்டினி இருக்கணும், ரெண்டு மணிக்கொரு தரம் ஒரு சொட்டு. பாரத்துல கையெழுத்து கூட போட்டாச்சு. ஆண்டவனுக்குன்னு இருந்தப்போ மூணு நாள் காத்தாப் பறந்துது அண்ணா. ஆராய்ச்சிக்குன்னு கையெழுத்து வாங்கினதும் காலையில பத்து மணிக்கே வயிறு கூப்பாடு போடுது. நேத்துதான் அந்தப் பட்டினி நாள், தாங்காம ஓய்வறையில யாரோ வெச்சிருந்த ரொட்டியில மூணு துண்டு, ஜாம் தடவித் தின்னுட்டு, வாயைத் துடைச்சுட்டு வந்து உட்கார்ந்தேன். பாப்பா கேட்டா, “ஏதாவது சாப்டீங்களா அத்தை?” பச்சைத் தண்ணி கூட இல்லைன்னேன்.

சாயங்காலம் வரைக்கும் அந்தப் பாழாய்ப்போன கருவி மஞ்சளாவே நின்னு என்னைக் காட்டிக் கொடுத்துடுச்சு.